கடாயின் அடியில் பதினொரு புள்ளி

உயர்ரக எவர்சில்வர் பாத்திரம் செய்து விற்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவாருக்கு,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் எண்ணை வைத்து நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். கண்டுபிடிக்காவிட்டாலும் பாதகமில்லை. விலைகூடிய பாத்திரம் விற்கிற யார் படித்தாலும் சரிதான்.

காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் 31 வருஷம் இருந்தவன் நான். பாதிக் காலம் தராசடியில், மீதிக் காலம் பில் மேசையில். கைப்பிடி கழன்ற தூக்கை எடுத்துக்கொண்டு ஆச்சிமார் படியேறி வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த ஆள். ஆகவே, வாங்குகிறவர் எல்லாம் யோக்கியர், விற்கிறவன் எல்லாம் திருடன் என்று பேசுகிற கட்சி நானில்லை. அடி கருகி, காது ஒடிந்து, பல வருஷம் உழைத்துத் தேய்ந்த குண்டானை "போன மாசந்தான வாங்குனேன்" என்று மேசைமேல் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் மனைவிக்கு அறுபது நிறைந்தபோது, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் உங்கள் இணையதளத்திலேயே ஒரு கடாய் வாங்கி அனுப்பினாள். 26 செ.மீ. வாய், மூவடுக்குத் தகடு, கண்ணாடி மூடி. விலை நாலாயிரத்துச் சொச்சம். பெட்டியைப் பிரித்ததும் கையில் தூக்கிக் கனம் பார்த்தேன், பழக்கதோஷம். எங்கள் காலத்தில் எவர்சில்வர் கிலோ கணக்கு. தராசில் வைத்து அன்றைய விலையால் பெருக்கினால் முடிந்தது. அந்தக் கணக்கில் உங்கள் கடாய் கொள்ளை விலை. ஆனால் அது அந்தக் கணக்குக்குள் வருகிற சாமான் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தனி எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தீ படுகிற இடத்தில் மட்டும் காய்ந்து அங்கேயே அடிப்பிடிக்கும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். அதை நடுவில் வைத்து, உள்ளே ஒரு தகடு, வெளியே காந்தம் ஒட்டுகிற வேறொரு தகடு என்று அழுத்தி ஒட்டுவதால் விளிம்புவரை சூடு பரவுகிறது. முதல் நாள் சின்ன வெங்காயம் வதக்கும்போதே என் மனைவி சொல்லிவிட்டாள்: "நல்ல சாமான்தாங்க. குறை சொல்ல முடியாது."

எட்டு மாதம் சொல்லவும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் வெண்டைக்காய் மண்டி வைத்தாள். எங்கள் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: அரிசி களைந்த கழுநீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காயும் சின்ன வெங்காயமும் போட்டு வைப்பது. வைத்த அன்றைக்கு மண்டி சுமார்தான். மறுநாள்தான் ருசி. ஆகையால் இராத்திரி அது அந்தக் கடாயிலேயே கிடந்தது. காலையில் வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுக் கழுவினால் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. நார் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. வளவுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். குண்டூசி முனையால் குத்தின மாதிரி பதினொரு புள்ளி. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது.

இது கறை இல்லை, அரிப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. 31 வருஷம் விற்றவனுக்கே தெரியவில்லை என்பதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். விற்கத் தெரிந்தவனுக்கெல்லாம் உலோகம் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நாங்களும் மறுத்ததில்லை.

அவள் கேட்டது ஒரே கேள்வி: "இனிமே இதுல சமைக்கலாமா, கூடாதா?"

அந்தக் கேள்வியோடுதான் உங்களை அழைத்தேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழுக்கு எண் இல்லை. இரண்டை அழுத்தினேன். பாட்டு ஓடி முடிந்து ஒரு பெண் பேசினார். மரியாதையான குரல், அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொண்டு, கடாயின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பில் கேட்டார், மகளிடம் இருக்கிறது என்றேன். நாலு கோணத்தில் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். எல்லாம் முடிந்தபிறகு, "சமைக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "உங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பப்படும், சார்." மறுபடியும் கேட்டேன். அதே வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல். அவர் முன்னால் இருந்த கணினியில் என் கேள்விக்குக் கட்டமே இல்லை போலிருக்கிறது.

மின்னஞ்சல் அனுப்பிய நிமிஷத்திலேயே புகார் எண்ணோடு ஒரு பதில் வந்தது, இயந்திரம் அனுப்பியது. இணையத்தில் விற்பவர்கள் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த 48 மணி நேரத்தை இயந்திரத்தை வைத்தே கழித்துவிடுகிறீர்கள், நல்ல சாமர்த்தியம். மனிதர் எழுதிய பதில் ஒன்பதாம் நாள் வந்தது. மூன்று வரி. படங்களைப் பரிசீலித்தோம். தவறான பயன்பாட்டால் ஏற்பட்டது. வாரண்டியில் வராது.

நான் புதுக் கடாய் கேட்கவே இல்லை. சமைக்கலாமா என்று கேட்டேன், மாற்றித் தர மாட்டோம் என்று பதில் வந்தது. அதைத்தான் இந்த மடல் முழுக்கச் சொல்ல வருகிறேன். சேவைப் பிரிவு என்று நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு வாயிற்காவல். மாற்றித் தர வேண்டிய கேஸா, தள்ள வேண்டிய கேஸா என்று பிரிக்கிற வேலை அது. தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது. தள்ளப்பட்டவர் கையில் பாத்திரம் இன்னும் இருக்கிறது, இன்று மத்தியானம் அதில் அவர் உலை வைத்தாக வேண்டும் என்கிற நினைப்பு அங்கே யாருக்கும் இல்லை.

பதில் கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? டீக்கடையில்.

எங்கள் ஊரில் துருவைப் பற்றிச் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்குச் செக்ரி. உலோகம் எப்படி அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே வாழ்நாள் படிப்பு. அங்கிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காலையில் நான் டீ குடிக்கும் கடைக்கு வருவார். கடாயைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு எப்ப போடுவாங்க வீட்ல?"

"கல் உப்புதான். முதல்லயே போட்டிருவா."

"பச்சைத் தண்ணியிலயா? கிண்டாமலா?"

"ஆமா."

"அப்ப அதான்," என்றார். அப்புறம் ஒரு டீ ஆறுகிற நேரம் விளக்கினார். எவர்சில்வர் என்பது இரும்புதான். அதில் நூற்றுக்குக் குறைந்தது பத்தரைப் பங்கு குரோமியம் சேர்ந்தால் மேலே ஓர் ஏடு படியும். பாலாடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. அந்த ஏடுதான் கவசம். கீறினால் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத் தானே மூடிக்கொள்ளும். அதற்குப் பெரிய எமன் உப்பிலிருக்கிற குளோரைடு. கரையாத கல் உப்பு அடியில் உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்தில் மட்டும் உப்பு மிதமிஞ்சிப் போய் ஏட்டைத் துளைக்கிறது. துளை விழுந்த பிறகு, பள்ளத்துக்குள் காற்றும் போகாது, ஏடும் மூடாது. உள்ளே புளிப்பு ஏறி ஆழமாகத் தோண்டிக்கொண்டே போகும். புளிக்குழம்போடு இராத்திரி முழுக்க விட்டால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிண்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

"சமைக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. மேலோட்டமான பள்ளந்தான். உள்ளே அழுக்குத் தங்காம தேய்ச்சுக் கழுவுங்க. மண்டியை மட்டும் மறுநாளைக்கு மண்சட்டிக்கு மாத்திருங்க."

இவ்வளவுதான். இதை உங்கள் ஒன்பதாம் நாள் கடிதத்தில் நாலாவது வரியாக எழுதியிருந்தால் நான் இந்த மடலுக்கு உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் கையேட்டைத் தேடி எடுத்தேன். இருக்கிறது. உப்பும் புளிப்பும் உள்ளதை இரவு முழுக்க வைக்காதீர்கள் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆகவே தப்பு எங்கள் வீட்டுத் தப்புதான், புது வாரண்டி எதுவும் கேட்கவில்லை. என் மனைவிக்கு அந்த இரண்டு மொழியும் வராது. அவள் மட்டுமா? செட்டிநாட்டில் புளியும் கல் உப்பும் இல்லாமல் எந்த அடுப்பு எரிகிறது? சாம்பார், தண்ணிக்குழம்பு, இளங்குழம்பு, மண்டி. உங்கள் கையேட்டில் பாஸ்தா வேகவைக்கும் படம் இருக்கிறது. எங்கள் பக்கம் எத்தனை பெட்டி விற்கிறீர்கள் என்று உங்கள் விற்பனைப் பிரிவுக்குத் தெரியும். என்ன சமைக்கிறார்கள் என்று யாராவது கேட்டார்களா?

எங்கள் கடையில் நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அங்கேயும் அழுக்கு உண்டு, அதற்கும் வருகிறேன். நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் சாமான் சிட்டையோடு வருவார்கள். பித்தளை இத்தனை, எவர்சில்வர் இத்தனை, தூக்கு இத்தனை, அடுக்கு இத்தனை. பெண்ணுக்குக் கொடுக்கிற அத்தனையையும் வீட்டில் பரப்பி வைத்து ஊரைக் கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதால், ஒரு கரண்டி வளைந்திருந்தாலும் எங்கள் கடைக்குத்தான் கெட்ட பெயர். வாங்கின எல்லாவற்றிலும் குடும்ப விலாசத்தை வெட்டித் தர வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து வெட்டின காலத்தில், சீசனுக்கு விடிய விடிய அந்த டக் டக் சத்தம் கேட்கும். பெயர் வெட்டின சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று பலகையே தொங்கியது. உங்கள் வாரண்டி அட்டையைவிடக் கண்டிப்பான பலகை.

ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே ஒரு ரிவிட் பெட்டி இருந்தது. கைப்பிடி ஆடுகிறதா, உட்காருங்கள் ஆச்சி என்று பத்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்துவிடுவோம். எங்கே வாங்கினது, எப்போது வாங்கினது என்று கேட்டதில்லை, பல சமயம் காசும் வாங்கியதில்லை. நெளிந்ததைத் தட்டித் தருவோம். தேறாதா, எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசில் கழித்துக்கொள்வோம். மாற்றித் தர மாட்டோம் என்பதை நாங்களும் தினம் சொன்னோம். அத்தோடு பேச்சை முடித்து யாரையும் அனுப்பியதில்லை.

இப்போது அழுக்கு. நிக்கல் விலை ஏறும்போதெல்லாம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டின 200 வரிசைத் தகட்டில் அடித்த பாத்திரம் எங்கள் அலமாரிக்கும் வந்தது. 304 என்கிற நல்ல ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். அதோடு பார்க்கையில் அந்த ரகம் உப்புக்கும் புளிப்புக்கும் சீக்கிரம் தோற்கும். வாங்குபவர் சந்தேகப்பட்டால் மேசையடியிலிருந்து காந்தத்தை எடுத்துக் காட்டுவோம். ஒட்டவில்லை பாருங்கள், அசல் என்போம். அது அரை உண்மைகூட இல்லை. அந்த 200 வரிசையில் வருகிற 202-லும் காந்தம் ஒட்டாது. உங்கள் நாலாயிரம் ரூபாய்க் கடாயின் அடியிலோ ஒட்டும், இண்டக்‌ஷன் அடுப்புக்காக அந்தத் தகட்டையே 430 ரகத்தில் வைத்திருக்கிறீர்கள். காந்தத்தை நம்பி எத்தனை பேர் நல்ல பாத்திரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மட்டத்தை வாங்கிப் போனார்களோ. அந்தக் காந்தத்தைக் காட்டின கையில் இதுவும் ஒன்று.

அதனால்தான் எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2024-ல் மத்திய அரசு ஆணை போட்டபோது எனக்குச் சந்தோஷம். ஐ.எஸ். 14756 என்ற தரம் அது. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் உரிமம் என்று வந்துவிடுகிறது. காந்தத்துக்கு இது எவ்வளவோ மேல். கடைக்குப் போகிறவர்கள் கையில் காந்தத்துக்குப் பதில் கைபேசியை எடுத்தால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை.

தமிழில் ஒரே ஒரு தாள் பெட்டிக்குள் வையுங்கள். கொதித்த பிறகு உப்பு. புளிக்குழம்பை இராத்திரி வைக்காதே. சூடு அதிகமாகி நீலமும் மஞ்சளுமாக வானவில் நிறம் ஏறினால் பயப்படாதே, மேலேயுள்ள ஏடு தடித்ததுதான், எலுமிச்சை மூடியோ புளியோ வைத்துத் தேய்த்தால் போகும். உப்புத் தண்ணீர் ஊரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அது சுண்ணாம்பு, வினிகரைக் காய்ச்சி ஊற்று. பிளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகாதே, அதிலும் குளோரின் இருக்கிறது. என் மனைவி இதில் பாதியைத் தன் அனுபவத்தில் கண்டுபிடித்தாள், மீதியை டீக்கடையிலிருந்து நான் கொண்டுவந்தேன். இதை அச்சடிக்க ஒரு பெட்டிக்கு என்ன செலவாகிவிடும்?

தொலைபேசியில் உட்காருகிற பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சமையல்கட்டில் வேலை கொடுங்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை. கடையில் புதுப் பையன் சேர்ந்தால் முதல் மாதம் பாத்திரம் துடைக்கத்தான் விடுவோம். எந்தப் பாத்திரத்தில் எந்த இடத்தில் விரல் நோகும், எந்த மூடி எதற்குச் சேரும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்க விடுவோம்.

"வாழ்நாள் வாரண்டி" என்று பெட்டிமேல் பொன் எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, யாருடைய வாழ்நாள்? என்னுடையதா, கடாயுடையதா, அந்த மாடலை நீங்கள் விற்கிற நாள் வரையா? உங்கள் நிபந்தனைகளை மகள் இரண்டு முறை படித்துச் சொல்லியும் எனக்கு விளங்கவில்லை. செய்நேர்த்திக் குறைக்கு மட்டும் என்றால் அப்படியே சொல்லுங்கள், அதுவும் மரியாதையான வாரண்டிதான். உள்தகடு 304-ஆ, உப்பைக் கூடுதலாகத் தாங்குவதற்கு மாலிப்டினம் சேர்த்த 316-ஆ என்பதையும் பெட்டிமேலேயே போடுங்கள். அந்தப் பொன் எழுத்தில் பாதி அளவு போதும்.

1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடு என்று மகள் சொன்னாள். கொடுக்கவில்லை. அரித்தது உங்கள் குற்றமில்லை என்று தெரிந்த பிறகு அங்கே போவது முறையில்லை. அடுத்த விஷயத்துக்குப் போனாலும் போவேன்.

அடுத்த விஷயம் மூடி. போன மாதம் மூடியின் குமிழ் விரிசல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. இதில் எங்கள் வீட்டுத் தப்பு எதுவுமில்லை. மறுபடியும் இரண்டை அழுத்தினேன். குமிழ் தனியாகக் கிடைக்காதாம். மூடி வேண்டுமென்றால் அதுவும் தனியாகக் கிடைக்காதாம், கடாயோடுதான் வருமாம். ஒரு திருகாணியும் கைப்பிடித் துண்டும் இல்லாததால் ஒரு கண்ணாடி மூடியைக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள். பெட்டிமேல் "தலைமுறைகளுக்கு" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழைய வீட்டுச் சாமான்கள் விற்கிற கடைகள் அங்கே வரிசையாக உண்டு. எந்த வீட்டு அலமாரியிலிருந்து பிரித்ததோ, ஒரு பித்தளைக் குமிழ் கிடைத்தது. கடைக்காரர் என் மூடியைக் கையில் வாங்கித் துளையை அளந்து, அதற்குச் சேர்கிற திருகாணியை ஒரு டப்பாவில் துழாவி எடுத்து, கண்ணாடி உடையாமலிருக்க இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் வைத்து முறுக்கிக் கொடுத்தார். அறுபது ரூபாய். உங்கள் மூடியில் அது கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள்.

ஒரே குறை, பித்தளை என்பதால் சூடேறுகிறது. துணி பிடித்துத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கிடங்கில் அந்தக் கறுப்புக் குமிழ் ஒன்று எங்கேயாவது கிடந்தால் அனுப்பி வையுங்கள். தபால் செலவு நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பாத்திரக்கடைப் பணியாள்,
காரைக்குடி